என் மகளின் கைப்பேசிக்குள் பதினொரு மாதம் ஒளிந்திருந்தவர்களுக்கு

பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலிகளை உருவாக்கி விற்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் நான் பதினொரு மாதம் சந்தாதாரனாக இருந்தேன். யாரிடம் என்பதை எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாரும் "நல்லவேளை, நாங்கள் இல்லை" என்று மூச்சு விட்டுக்கொள்வீர்கள். அந்த நிம்மதியை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை. நான் பார்த்த விளம்பரங்களில் பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்தவை.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தபோது அவளுக்கென்று ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம். வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது, வகுப்புத் தோழிகளின் குழு அதில்தான் இருக்கிறது, மாலையில் தனியாக வீடு திரும்புகிறாள். காரணங்களுக்குக் குறைவில்லை. கொடுத்த அன்று இரவே எனக்குத் தூக்கம் போனது. பதினொன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். உங்கள் உலகத்துக்குள் நுழைந்தது அப்படித்தான்.

"உங்கள் பிள்ளை இந்த நிமிடம் யாருடன் பேசிக்கொண்டிருக்கிறது, தெரியுமா?" என்று ஒரு பக்கம் கேட்டது. இருட்டறையில் திரை வெளிச்சம் முகத்தில் விழ ஒரு சிறுமி. அவளுக்குப் பின்னால் முக்காடிட்ட ஓர் ஆணின் நிழல். கீழே ஒரு கடிகாரம்: சலுகை முடிய இன்னும் பதினான்கு நிமிடங்கள். பக்கத்தை மூடித் திறந்தேன். மறுபடியும் பதினான்கு நிமிடங்கள். இந்த ஓர் அடையாளமே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். நான் கணக்குத் துறையில் வேலை பார்ப்பவன். கையெழுத்து இல்லாத வவுச்சரைத் திருப்பி அனுப்பியே கெட்ட பெயர் வாங்கியவன். அன்று இரவு என் கணக்கெல்லாம் எங்கோ போய்விட்டது. ஓராண்டுச் சந்தாவைக் கட்டினேன்.

காலையில் மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அவளிடம் சொல்லிவிட்டுத்தானே செய்யப் போகிறீர்கள்?" நான் ஏதோ முணுமுணுத்தேன்.

அந்தச் செயலி ப்ளே ஸ்டோரில் இல்லை; நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் கைப்பேசியை எடுத்தேன். வழிகாட்டி படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போனது. ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலிகளை நிறுவ அனுமதி கொடுங்கள். தீங்கான செயலிகளைக் கண்டுபிடிக்கும் ப்ளே ப்ரொடெக்ட்டை அணைத்துவிடுங்கள். அணுகல்தன்மை அனுமதியைக் கொடுங்கள். அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி. இருப்பிடம், எந்நேரமும். சாதன நிர்வாகி உரிமை, அதாவது எளிதில் நீக்க முடியாதபடி உட்கார்ந்துகொள்ள. பேட்டரிச் சிக்கனத்திலிருந்து விலக்கு. கடைசியாக ஒரு கேள்வி: செயலியின் சின்னம் திரையில் தெரிய வேண்டுமா, மறைக்கலாமா? 'மறை' என்பதில் ஏற்கெனவே குறி போடப்பட்டிருந்தது.

பிள்ளையைப் பாதுகாக்க வரும் ஒரு செயலி, வாசலில் நிற்கும் காவலாளியை முதலில் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறதே என்று எனக்கு ஏன் அன்று உறைக்கவில்லை என்பதுதான் இன்றுவரை ஆச்சரியம். அது ஸ்டோரில் ஏன் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. பெற்றோருக்கான கண்காணிப்புச் செயலிகளை கூகுள் தடை செய்யவில்லை. தன்னை ஒளித்துக்கொள்ளக் கூடாது, இயங்குகிறது என்ற அறிவிப்பு கைப்பேசியில் நிலையாகத் தெரிய வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. அவ்வளவுதான் நிபந்தனை. அந்த வெளிச்சத்தில் நிற்க முடியாதவர்கள்தான் தனித் தளம் வைத்து விற்கிறீர்கள்.

அணுகல்தன்மை பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னைப் போன்ற பெற்றோர் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. ஆண்ட்ராய்டில் அது பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகவும் கைகளைச் சரியாக இயக்க முடியாதவர்களுக்காகவும் வைக்கப்பட்ட வசதி. திரையில் இருப்பதை வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டுமென்றால் திரை முழுவதையும் அது படிக்க வேண்டும். அவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்த வேண்டுமென்றால் அழுத்தும் உரிமையும் வேண்டும். கண் தெரியாதவர்களுக்காகத் திறந்து வைத்த அந்தக் கதவு வழியாகத்தான் நீங்கள் உள்ளே வந்து உட்காருகிறீர்கள். வாட்ஸ்அப் 2016-ஆம் ஆண்டிலிருந்து எல்லாச் செய்திகளையும் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்புகிறது. வழியில் யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் என் மகள் படிப்பதற்காகத் திரையில் அது திறந்துதானே ஆக வேண்டும்? அங்கே நீங்கள் காத்திருக்கிறீர்கள். வங்கிக் கணக்கைத் திருடும் தீநிரல்கள் பலவும் இதே கதவைத்தான் கேட்கின்றன என்பதை எந்த வழிகாட்டியும் எழுதவில்லை.

ஐஃபோனில் இப்படி ஒரு கதவு கிடையாது. அதனால் உங்களில் சிலர் பிள்ளையின் ஐகிளவுட் (ஆப்பிளின் இணையச் சேமிப்பகம்) கணக்கின் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கி, அங்கே சேமிக்கப்படும் காப்புப் பிரதியைப் படிக்கிறீர்கள். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை அணைக்கச் சொல்வதும் நடந்திருக்கிறது. டீன்சேஃப் என்ற செயலி அப்படித்தான் இயங்கியது. 2018 மே மாதம் அதன் சர்வர்கள் கடவுச்சொல்கூட இல்லாமல் திறந்து கிடந்தது வெளியே வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். பிள்ளைகளின் ஆப்பிள் கணக்கு முகவரிகள், பக்கத்திலேயே கடவுச்சொற்கள், எந்த மறைப்பும் இல்லாமல் வெற்றெழுத்தில்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

முதல் வாரம் எச்சரிக்கைகள் மழையாகப் பொழிந்தன. அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் நாளில் என் கைப்பேசி அதிர்ந்தது: 'வன்முறை தொடர்பான உரையாடல்'. கை நடுங்கத் திறந்தேன். தோழியின் அக்கா திருமணத்துக்கு 'ஷூட்' எப்போது என்று யாரோ கேட்டிருந்தார்கள். புகைப்படம் எடுப்பதை உங்கள் செயலி துப்பாக்கிச் சூடாக வாசித்திருந்தது. இன்னொரு நாள் 'போதைப்பொருள்'. அறிவியல் பாடத்தில் வந்த ஒரு வேதிப்பொருளின் பெயர். சொல்லைப் பார்த்துப் பொருளைக் கோட்டைவிடும் இந்த நோய் புதியதல்ல. ஸ்கன்தார்ப் என்ற இங்கிலாந்து ஊரின் பெயருக்குள் ஓர் ஆங்கில வசைச்சொல்லின் எழுத்துகள் வரிசையாக வந்துவிடுவதால், அந்த ஊர்க்காரர்கள் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் போனது 1996-ஆம் ஆண்டில். ஊர்ப் பெயரால் வந்த வினை இன்றும் சந்தாப் பணத்துக்கு விற்கப்படுகிறது.

அது கூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது ஒன்று நடந்தது. என் அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி என்று மருத்துவர் பரிசோதனைகளுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். வீட்டில் நாங்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததைப் பேத்தி கேட்டிருக்கிறாள். இரவு தன் அறையில் மார்பகப் புற்றுநோய் என்றால் என்ன என்று தேடியிருக்கிறாள். 'வயது வந்தோருக்கான உள்ளடக்கம்' என்று உங்கள் வடிகட்டி அந்த மருத்துவப் பக்கத்தை மறித்தது. எனக்கு ஓர் எச்சரிக்கையும் வந்தது. நான் அதைப் பார்த்து, தேடிய சொல்லைப் படித்து, விஷயம் புரிந்து, அப்படியே விட்டுவிட்டேன். அவளோ தான் ஏதோ அசிங்கமான இடத்துக்குப் போய்விட்டோம் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் கேட்கவில்லை. பாட்டி செத்துவிடுவாள் என்று மூன்று வாரம் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். கட்டி சாதாரணமானது என்று எங்களுக்குத் தெரிந்து, அதை அவளுக்கும் சொல்லலாம் என்று எங்களுக்குத் தோன்ற அவ்வளவு நாளாயிற்று.

இனி எச்சரிக்கை வராத கதை. அவள் வகுப்புத் தோழிகளின் குழுவில் ஒரு மாதமாக அவளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. "நீ வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்" என்று ஒருத்தி எழுதுகிறாள். இன்னொருத்தி அதற்குக் கை தட்டுகிறாள். மகள் ஏதாவது எழுதினால் அடுத்த பத்து நிமிடம் யாரும் பேசுவதில்லை. பிறகு வேறு பேச்சு தொடங்குகிறது. இதில் எந்தச் சொல்லை உங்கள் பட்டியல் பிடிக்கும்? 'அனைத்து மொழிகளிலும்' என்று உங்கள் விளம்பரம் சொன்னது. தமிழ் எழுத்தில் வந்த அப்பட்டமான வசவுகளையே அது ஒருமுறைகூடக் கண்டுகொண்டதில்லை; தமிழை ஆங்கில எழுத்தில் பத்து விதமாக எழுதும் பிள்ளைகளிடம் அது என்ன செய்யும்? அவள் கைப்பேசித் திரையின் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில் நானாகத்தான் அதைப் பார்த்தேன். ஆம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் திரையைப் படமெடுத்து அனுப்பும் வசதி அது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 6.40-க்கு அவளை அந்தக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதானே நீங்கள் விற்றது? இனி என்ன செய்வது என்பதை மட்டும் விற்கவில்லை. போய் "என்ன கண்ணா, தோழிகளோடு சண்டையா?" என்று கேட்டால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். மறுநாள் மாலை, "சினிமாவுக்குப் போகலாமா?" என்றேன். புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "இன்றைக்கு என்ன விசேஷம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். போனோம். இடைவேளையில் அவள் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, எந்தச் செய்தியும் இல்லாத திரையை வெறுமனே மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஏன் என்று தெரிந்தும் தெரியாதவன்போல நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவது மாதம் தாண்டியபோது அவள் கண்டுபிடித்தாள். பாடக் குறிப்பு ஒன்றில் எழுத்து பொடியாக இருக்கிறதென்று, பெரிதாக்குவதற்காக அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போயிருக்கிறாள். அங்கே 'சிஸ்டம் சர்வீஸ்' என்று ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. உங்கள் செயலி தனக்கு வைத்துக்கொண்ட மாறுவேடப் பெயர். தொட்டிருக்கிறாள். 'திரையைப் பார்க்கலாம், கட்டுப்படுத்தலாம்' என்று ஆண்ட்ராய்டு நேர்மையாகச் சொல்லியிருக்கிறது.

அவள் என்னிடம் ஓடிவந்தாள். இதைத்தான் நீங்கள் எல்லாரும் நிதானமாகப் படிக்க வேண்டும். கோபமாக வரவில்லை, பயந்து வந்தாள். கைப்பேசியைத் தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி, "அப்பா, யாரோ என் ஃபோனை ஹேக் செய்திருக்கிறார்கள். இதைப் பாருங்கள்" என்றாள். கைப்பேசி வாங்கிக் கொடுத்த அன்று அவளுக்கு நான் சொன்னது ஒரே ஒரு பாடம்: அதில் விநோதமாக எது தெரிந்தாலும், யார் என்ன மிரட்டினாலும், நேராக அப்பாவிடம் வந்துவிடு. அட்சரம் பிசகாமல் அவள் அதைச் செய்தாள்.

"அது நான்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு, "எல்லாமுமா?" என்றாள். "எல்லாமும்." அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது, பின்னால் போய்ப் போய் ஒவ்வொரு நாளாகப் பார்த்தாள். "அதனால்தான் சினிமாவா?" என்று கேட்டாள். நான் தலையசைத்தேன். கைப்பேசியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான்கு நாள் அதைத் தொடவில்லை.

பிள்ளையை வழிமறிக்கும் அந்நியனைப் பற்றி நீங்கள் படம் போட்டு எச்சரித்தீர்களே, முக்காடு போட்ட அந்த நிழலைப் பற்றி. அவன் வந்து மிரட்டினால் பிள்ளை யாரிடம் ஓடும் என்பதுதான் பாதுகாப்பின் மொத்த மூலதனமும். என் பங்குக்கு நான் வைத்திருந்த அந்த மூலதனத்தை உங்கள் 'மறை' பொத்தானில் போட்டுத் தொலைத்தேன். பொத்தானை அழுத்தியது நான். என் தவறை உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் அந்தப் பொத்தானைச் செய்து, முன்கூட்டியே குறியும் போட்டு, 'பிள்ளைக்குத் தெரியவே தெரியாது' என்று அதையே சிறப்பம்சமாக விற்றது நீங்கள்.

இது என் வீட்டுப் புலம்பல் மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பமீலா விஸ்னியெவ்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழு 2017-ஆம் ஆண்டில் 75 ஆண்ட்ராய்டுச் செயலிகளை எடுத்து, ஒவ்வொரு வசதியும் யாருக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தது. 89 விழுக்காடு பெற்றோர் கண்காணிக்கவும் கட்டுப்படுத்தவும். பிள்ளை தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்ள உதவுபவை வெறும் 11 விழுக்காடு. அடுத்த ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, 37 செயலிகளுக்குப் பிள்ளைகளே எழுதிய 736 மதிப்புரைகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் 76 விழுக்காடு ஒற்றை நட்சத்திரம். எந்தக் கட்டுப்பாடும் பிள்ளைகளுக்குப் பிடிக்காதுதான். பல் துலக்கச் சொன்னாலும் ஒற்றை நட்சத்திரம்தான் தருவார்கள். ஆனாலும் நான் அதே மதிப்புரைப் பகுதிகளில் உட்கார்ந்து சிலவற்றை வாசித்தேன். 'என்னை வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே' என்ற பிள்ளைகளின் வருத்தம்தான் வசவுகளை விட அதிகம்.

சேகரித்ததை எங்கே வைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் தொழிலின் வரலாறு நல்ல பதில் தரவில்லை. டீன்ஷீல்ட் என்ற பெயரிலும் செயலி விற்ற ரெட்டினா எக்ஸ் நிறுவனத்தின் சர்வர்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஊடுருவல் நடந்தது; அமெரிக்காவில் நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-ஆம் ஆண்டில் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. 2021-ஆம் ஆண்டில் ஸ்பைஃபோன் நிறுவனத்தைக் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே அதே கமிஷன் விலக்கியது. திருட்டுத்தனமாகச் சேர்த்ததையெல்லாம் அழிக்கவும், யாருடைய கைப்பேசிகளில் செயலி ஒளிந்திருந்ததோ அவர்களுக்குத் தெரிவிக்கவும் உத்தரவிட்டது. குடும்பத்தினர் ஒருவரையொருவர் வரைபடத்தில் பார்க்க உதவும் லைஃப்360 செயலி, பயனர்களின் இருப்பிடத் தகவலைத் தரவுத் தரகு நிறுவனங்களுக்கு விற்கிறது என்ற செய்தி 2021 டிசம்பரில் வெளியானது. அதன் பிறகுதான் அந்த விற்பனையைப் பெருமளவு குறைப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. பிள்ளை பள்ளியை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எந்தத் தெரு வழியாக வருகிறது என்பதை அந்நியர்களிடமிருந்து மறைக்கத்தானே நாங்கள் பணம் கட்டுகிறோம்?

நான் சந்தாவை முடித்துக்கொள்ள முயன்றது தனிக் கூத்து. வாங்குவதற்கு இரண்டு தட்டு; விலகுவதற்கு மூன்று மின்னஞ்சல். செயலியை நீக்கக் கடவுச்சொல் கேட்டது, சாதன நிர்வாகி உரிமையைத் தேடிப் பறிக்க வேண்டியிருந்தது. சேகரித்தவற்றை அழித்துவிடுங்கள் என்று எழுதியதற்கு, 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று ஒரு பதில் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை. என் மகளின் பதினொரு மாதத்தைக் கேட்டிருந்தேன்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் முழு இணையத்தையும் திறந்து கொடுப்பவரைக் கண்டால் எனக்கும் கோபம் வரும். மிரட்டல், பெரியவர் ஒருவரின் தூண்டில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் என்று உண்மையான அறிகுறி தெரிந்தால் பிள்ளையின் கைப்பேசியைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் அது ஒரு நாள் செய்யும் அறுவை சிகிச்சை. நீங்கள் தினமும் கத்தியை நீட்டுகிறீர்கள். பிள்ளையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 16-ஆம் பிரிவில் சொல்கிறது. டிஜிட்டல் உலகுக்கென்று 2021-இல் வந்த அதன் விளக்கவுரை, பெற்றோரின் கண்காணிப்பு அளவோடும் பிள்ளையின் வளரும் திறனுக்கு ஏற்பவும் இருக்க வேண்டும் என்கிறது. அளவு என்ற சொல்லையே உங்கள் அமைப்புகளில் நான் பார்க்கவில்லை. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை.

இப்போது எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் எதோடு போட்டியிடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கைப்பேசியோடு இலவசமாகவே வரும் குடும்பக் கட்டுப்பாட்டு வசதி. சொல் கொஞ்சம் இடறுகிறது, ஆனால் பொருள் சரி. ஆண்ட்ராய்டுக்கு கூகுள் 2017-இல் கொண்டுவந்த ஃபேமிலி லிங்க். ஐஃபோனில் இருப்பவர்களுக்கு 2018-இலிருந்து உள்ளேயே இருக்கும் ஸ்க்ரீன் டைம். ஃபேமிலி லிங்க் செய்திகளைப் படித்துக் காட்டாது. புதிய செயலி நிறுவ என் அனுமதி கேட்கும், எதில் எவ்வளவு நேரம் போனது என்று சொல்லும், இரவில் பூட்டும், தாமதமானால் எங்கே இருக்கிறாள் என்று பார்க்கலாம். இந்தக் கடைசியை நான் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். என் இருப்பிடத்தையும் வரைபடத்தில் அவளுக்குத் திறந்து வைத்திருக்கிறேன். அலுவலகத்திலிருந்து கிளம்பிவிட்டேன் என்று நான் சொல்லும் பொய்கள் இப்போது செல்லுபடியாவதில்லை.

வீட்டு இணைய ரூட்டரில் ஆபாசத் தளங்களை வடிகட்டும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியை இட்டிருக்கிறோம். க்ளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 1.1.1.3 அப்படிப்பட்டது, காசு கிடையாது. யார் என்ன படிக்கிறார்கள் என்று எனக்கு அது அறிக்கை அனுப்புவதில்லை. கதவை மட்டும் சாத்துகிறது. இரவு ஒன்பதரைக்கு மூன்று கைப்பேசிகளும் கூடத்தில் சார்ஜரில் போய்ப் படுத்துக்கொள்கின்றன. என்னுடையதும்தான், இந்த ஷரத்தை அவள்தான் சேர்த்தாள்.

எல்லா அமைப்புகளையும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் போட்டோம். அப்போதுதான் ஒரு வேடிக்கை. எந்தப் பூட்டை எப்படித் திறக்கலாம் என்று அவளே சொல்லிக்கொண்டு வந்தாள்: நேரக் கட்டுப்பாட்டுக்குக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது, உலாவி பூட்டியிருந்தால் வேறொரு செயலிக்குள் இருக்கும் சுட்டியைத் தொட்டு அதன் வழியாக வலைக்குள் போவது, கைப்பேசியில் இரண்டாவது பயனர் கணக்குத் தொடங்குவது, ஒன்றுக்கும் மசியாவிட்டால் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்குவது. வகுப்பில் பாதிப் பேருக்கு இது தெரியுமாம். சிலவற்றை இன்றைய மென்பொருள் அடைத்துவிட்டது, சிலவற்றை அடைக்கவில்லை. ஓராண்டுச் சந்தாவில் உங்களிடம் நான் கற்காததை ஒரு மாலையில் கற்றேன்.

தொழில்நுட்பம் இடம் தரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆப்பிள் 2021 இறுதியில் கொண்டுவந்த ஒரு வசதி, பிள்ளைக்கு நிர்வாணப் படம் வந்தால் கைப்பேசிக்குள்ளேயே அதைக் கண்டுபிடித்து மங்கலாக்கி, 'இதைப் பார்க்க வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லலாம்' என்று பிள்ளையிடம் பேசுகிறது. படம் எங்கும் போவதில்லை. பிள்ளையிடம் முதலில் பேசு என்ற அந்த ஒரு சிந்தனை உங்கள் நூறு வசதிகளில் ஒன்றிலாவது இருந்திருந்தால், மார்பகப் புற்றுநோயைத் தேடிய இரவில் என் மகளுக்கு வெறும் சிவப்புப் பலகை கிடைத்திருக்காது. 'இதை வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பார்' என்ற ஒரு வரியாவது கிடைத்திருக்கும்.

ஆகவே கேட்கிறேன். 'மறை' பொத்தானை எடுத்துவிடுங்கள். இதற்குப் பேச்சுவார்த்தையே கிடையாது; மறைந்திருந்து பார்க்கும் செயலி பிள்ளையின் கைப்பேசியில் இருந்தாலும் மனைவியின் கைப்பேசியில் இருந்தாலும் ஒரே செயலிதான், நீங்கள் விளம்பரப் படத்தை மட்டும் மாற்றுகிறீர்கள். என் திரையில் எது தெரிகிறதோ அது அவள் திரையிலும் தெரியட்டும்: அப்பா இன்று என்ன பார்த்தார், எத்தனை முறை பார்த்தார் என்று. அந்த எண்ணிக்கை அவளுக்குத் தெரியும் என்றால் நான் பாதிகூடப் பார்த்திருக்க மாட்டேன். பிறந்தநாள் வரும்போது செயலியே என்னிடம் கேட்கட்டும்: பதின்மூன்று ஆகிறது, இவற்றில் எதைத் தளர்த்துகிறீர்கள்? ஏழு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் ஒரே கயிற்றை விற்காதீர்கள். உங்கள் வடிகட்டிக்கு எந்த மொழி தெரியும், எது தெரியாது என்று வாங்கும் பக்கத்திலேயே எழுதுங்கள். தமிழ் தெரியாது என்றால் தெரியாது என்று போடுங்கள், அது ஒன்றும் அவமானமல்ல. வாங்கும் அதே இரண்டு தட்டில் விலகவும் அழிக்கவும் வழி வையுங்கள். அந்தப் பதினான்கு நிமிடக் கடிகாரத்தை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதற்குப் பொறியாளர்கூடத் தேவையில்லை.

மடலை அனுப்புமுன் மகளிடம் கொடுத்தேன். அவளைப் பற்றியது, அவள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. இரண்டு வாக்கியங்களை அடித்தாள்; ஏன் என்று நான் கேட்கவில்லை. சினிமாவைப் பற்றிய பகுதியில் கொஞ்ச நேரம் நின்றாள், அதை விட்டுவைத்தாள். பிறகு, உங்களிடம் தானும் ஒன்று கேட்க வேண்டும் என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த அந்தப் படங்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன? அப்பாவைத் தவிர வேறு யார் பார்த்தார்கள்?"

என் கேள்விகளுக்கு ஆற அமரப் பதில் சொல்லுங்கள். இதற்கு உடனே வேண்டும், அவள் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் சந்தாதாரன்